ஹெப்வொர்த் வீட்டுக் கதவு

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கதவும் பச்சை. நகராட்சி கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள் அவை. சில வருஷங்களுக்கு ஒரு முறை அதன் பெயிண்டர்கள் வந்து, யாரையும் கேட்காமல், அதே பச்சையை அடித்துவிட்டுப் போவார்கள். குடியிருப்பவர்களே வீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று 1980-இல் சட்டம் வந்தது. வாங்கியவர்கள் முதல் வேலையாகக் கதவின் நிறத்தை மாற்றினார்கள். சிவப்பு, மஞ்சள், ஒரு வீட்டில் கத்தரிப்பூ நிறம்கூட. எதிர்வீட்டு எட்னா ஹெப்வொர்த் வீட்டை வாங்கிய பிறகும் அவர் கதவு மட்டும் பச்சையாகவே இருந்தது.

அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். சந்தையில் காலுறைக் கடை போட்டிருந்தார். கணவர் வில்ஃப் பஸ் டிரைவர். இரண்டு பேருமே கன்சர்வேட்டிவ் கட்சி. தேர்தல் வந்தால் கட்சியின் நீல ரிப்பனைக் குத்திக்கொண்டு எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்பார்கள். ஒரு வரிசை அவருக்கு, எதிர் வரிசை இவருக்கு. சேர்ந்து ஒரே வாசலில் நின்றால் சண்டை வந்துவிடும் என்பாள் அம்மா.

வீட்டை வாங்குவதில்தான் பெரிய சண்டை. இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம் இருந்ததால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வில்ஃப் மறுத்தார்.

“செவத்துல ஒரு ஆணி அடிக்கிறதுக்கு எங்கம்மா வீட்டுச் சொந்தக்காரன்கிட்ட கெஞ்சுனா, வில்ஃப். எனக்கு அந்தக் கெஞ்சல் வேணாம்.”

“கைக்குழந்தையோட ஒழுகுற ரூம்ல கெடந்தோமே, அப்ப யாரு இந்த வீட்டக் குடுத்தா? இதக் கட்டுனதே நம்ம கட்சி ஆட்சிதான். நமக்கப்புறம் இன்னொரு குழந்தை இங்க வர வேணாமா?”

“அதுவும் சம்பாதிச்சு வாங்கட்டும்.”

“பொறந்த உடனேயா?”

பஞ்சாயத்துக்குக் கட்சிக் கிளைத் தலைவர் மேஜர் டாலிமோர் வந்தார். ஊருக்கு வெளியே பெரிய பண்ணை வீட்டில் இருப்பவர்.

“வாங்குறது, விக்கிறது, ஏன், கட்டுறதுகூட எனக்குப் புடிக்காதும்மா. இருக்கிறத இருக்கிற மாதிரி விட்டா என்ன கெட்டுப்போச்சு?”

“முந்நூறு வருஷமா ஒரே வீட்ல இருக்கீங்க மேஜர், நீங்க சொல்லலாம்” என்று அத்தை அவர் தட்டில் இன்னொரு கேக் துண்டை வைத்தார்.

கடைசியில் வில்ஃப் கையெழுத்துப் போட்டார், ஒரு நிபந்தனையோடு. கதவு பச்சையாகவே இருக்க வேண்டும். வாங்க முடியாத பக்கத்து வீட்டு கிளாடிஸ் தினமும் அந்த வழியாகப் போகிறாள். தெருவை விட்டுத் தாங்கள் விலகிப் போய்விட்டதாக அவள் நினைக்கக் கூடாது என்றார். அத்தை ஒத்துக்கொண்டார். நகராட்சி ஆட்கள் வருவது நின்றதும், அவரே அந்தப் பச்சையைத் தேடி வாங்கி அடித்தார். “எட்னா, கதவு இன்னும் பச்சையாவே இருக்கே, வீட்டுத் தவணை முடியலையா?” என்று கிளாடிஸே கேலி செய்வாள். அத்தை சிரிப்பார். ஆனால் சந்தையிலிருந்து திரும்பும்போது அந்தக் கத்தரிப்பூக் கதவின் முன் அவர் நடை வேகம் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அங்கே பேராசிரியர், கன்சர்வேட்டிவ்காரர்களில் மூன்று வகை என்று பலகையில் மூன்று கட்டம் போட்டார்: நாடே ஒரு குடும்பம் என்பவர்கள், அவரவர் சொத்து அவரவர் சுதந்திரம் என்பவர்கள், பழையதைக் கலைக்காதே என்பவர்கள். எங்கள் தெருவை அவர் எப்போது பார்த்தார் என்று தோன்றியது. யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நகராட்சி வீட்டுக்கான வரிசையில் என் பெயர் நகராமல் கிடக்கும்போது வில்ஃப் சொன்னது சரி. என் வாடகை அறையில் ஆணி அடிக்க அனுமதி கேட்கும்போது அத்தை சொன்னது சரி.

1990 நவம்பரில், வீடு வாங்கும் சட்டத்தைக் கொண்டுவந்த தங்கள் தலைவியைக் கட்சி எம்.பி.க்களே பிரதமர் பதவியிலிருந்து இறக்கினார்கள். ‘அந்தம்மா போனாத்தான் கட்சி உருப்படும்’ என்று வில்ஃப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அம்மா சுட்டுக் கொடுத்தனுப்பிய ஆப்பிள் கேக்கோடு நான் போனபோது, அத்தை கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

“எதிர்க்கட்சிக்காரன் செஞ்சிருந்தா வலிச்சிருக்காது கண்ணு. நம்ம ஆளுங்களே...”

வில்ஃப் என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவரோ அத்தையின் தேநீரில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை அத்தை சந்தைக்குப் போனதும் வில்ஃப் ஏணியும் டப்பாவுமாக வாசலுக்கு வந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் அத்தை திரும்பியபோது கதவு பளபளவென்று நீலமாக இருந்தது. அதில் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருந்தது. வில்ஃபின் புருவமும் நீலம்.

“அப்பாடா, தவணை முடிஞ்சிருச்சு!” என்று கிளாடிஸ் கைதட்டினாள்.

அத்தை நடைபாதையிலேயே நின்றுவிட்டார். “இந்த மழையில பெயிண்ட் அடிக்கிற முட்டாள் உலகத்துலயே நீ ஒருத்தன்தான். அந்தம்மாவ உனக்குப் புடிக்கவே புடிக்காதே!”

“கதவு அந்தம்மாவுக்கு இல்ல எட்னா.”

ஈரம் காயும்வரை கதவை மூட முடியாது. என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். மூன்று பேரும் கோட்டோடு, மீதி ஆப்பிள் கேக்கைத் தின்றபடி குளிரில் நடுங்கினோம். திறந்திருந்த கதவின் உள்பக்கத்தை அத்தை அப்போதுதான் கவனித்தார். அது பழைய பச்சையாகவே இருந்தது.

“இந்தப் பக்கத்த மறந்துட்டியா?”

“மறக்கல. அது என் பக்கம்.”

அத்தை தன் நாற்காலியை இழுத்து வில்ஃபின் நாற்காலியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

“சரி, எந்திரிச்சுக் கதவச் சாத்து. ஐஸ் மாதிரி இருக்கு.”

“சாத்துனா ஒட்டிக்கும் எட்னா.”