எழுந்து போன செல்கள்

கண்ணாடியக்கா அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தது கண்ணாடி கழுவத்தான். நுண்ணோக்கிக்கு மேல் வைக்கிற தகடுகள் அவை; காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன், அழுத்திப் பிடித்தால் விரலோடு உடையும். அமிலத்தில் ஊறவைத்து, பதினோரு முறை தண்ணீரில் அலசி, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்திக் காயவைக்க வேண்டும். அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர்கள் ஆறு முறை அலசிவிட்டுப் பதினொன்று என்று சொல்லிவிடுவார்கள். இவரிடம் பதினொன்று என்றால் பதினொன்றுதான். மூன்றாம் மாதமே படங்களில் புள்ளியும் கறையும் குறைந்துபோனதை எல்லோரும் கவனித்தார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

பிறகு நுண்ணோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனார். புது ஆள் வரும்வரை விளக்கைப் போட்டு அணைக்க மட்டும் அக்காவிடம் சொன்னார்கள். புது ஆள் வரவேயில்லை. போட்டு அணைத்தவர், திருகாணியைத் திருப்பிப் பார்த்தார், படம் தெளிந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. அது நடந்து பதினான்கு வருஷம் ஆகிறது.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவுக்கு உட்புறம் கறுப்புத் திரை. செல்கள் உடம்புக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக நுண்ணோக்கியைச் சுற்றிப் பெட்டி கட்டி, காய்ச்சல் இல்லாத உடம்பின் சூட்டில் வைத்திருந்தார்கள். அந்தச் சூடு அறைக்கும் வந்துவிடும். மேஜைக்கு முன்னால் இரண்டு முக்காலிகள். ஒன்றின் மெத்தை கிழிந்து பஞ்சு தெரியும். அதில் உட்காருகிறவர் விருந்தாளி.

செல் என்ன செய்கிறது என்பதை, கூடத்தை நடத்துகிற பேராசிரியர் முதல் வாரத்திலேயே அக்காவுக்குச் சொல்லியிருந்தார். நோயை எதிர்க்கிற செல் உடம்பு முழுக்க அலைந்து, எதிர்ப்படுகிற செல்லையெல்லாம் தொட்டுப் பார்க்கும். தொட்ட இடத்தில் அதன் ஏற்பிகள் வந்து குவியும். ஏற்பி என்பது செல்லின் தோலில் இருக்கிற காது மாதிரி. ஏற்பி பேசத் தொடங்கினால் உடனே வாயை அடைக்கிற வேறு மூலக்கூறுகளும் அதே தோலில் உண்டு, அவை உயரமானவை. இரண்டு செல்லும் நெருங்கி இடைவெளி குறுகும்போது அந்த உயரமானவற்றுக்கு அங்கே நிற்க இடமில்லாமல் விலகிப்போகும். சிக்னல் பற்றிக்கொள்ளும். அப்புறம், அளவுக்கு மீறிப் போய்விடக் கூடாதே என்று, பிரேக் ஏற்பி என்று ஒன்று அதே இடத்துக்கு வந்து, செல்லின் உள்ளேயிருந்து ஆளைக் கூப்பிட்டு அந்தச் சிக்னலை அணைக்கும்.

“மாமியார் வீட்டு விசேஷம் மாதிரி இருக்கே சார். எல்லாரும் ஒரே வாசல்ல நின்னு இடிச்சுக்கிறாங்க” என்று அக்கா அன்று சொன்னார். பேராசிரியர் அதைப் பல வருஷம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அக்காவோடு வேலை செய்கிற ஆராய்ச்சி மாணவிக்கு முப்பது வயது. ஐந்து வருஷமாக ஒரே கேள்வி: பிரேக் எப்போது வருகிறது? கண்ணாடித் தகட்டின்மேல் கொழுப்புப் படலம் ஒன்றைப் பூசி, அதில் எதிர்ச்செல்லின் மூலக்கூறுகளை மிதக்கவிட்டு, தகட்டையே எதிர்ச்செல்லாக ஏமாற்றி, மேலிருந்து செல்களைத் தூவுவார்கள். வந்து அமர்கிற செல்லைக் கீழேயிருந்து படமெடுப்பார்கள். ஏற்பி பச்சை, பிரேக் சிவப்பு. அவள் கண்டுபிடித்தது: பச்சை குவிந்து நான்கு நிமிஷம் கழித்துத்தான் சிவப்பு வருகிறது. எந்த நாளில் எடுத்த படத்திலும் நான்கு. கூடத்தில் அவளுக்குப் பெயரே அதுவாகிவிட்டது.

“நாலு நிமிஷம் வந்தாச்சா?”

“இன்னும் நாலு நிமிஷத்துல வந்துருவா.”

அவளும் சிரிப்பாள். ஒன்பது நாளில் ஆய்வேட்டுத் தேர்வு. அது முடிந்த மறுமாதம் வேறு ஊரில் வேலை காத்திருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் மருந்து பார்க்கிறவர்கள், பிரேக்கைத் தடுக்கிற மருந்தை எப்போது ஊற்றுவது என்று அந்த நான்கு நிமிஷத்தை வைத்தே ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தார்கள்.

அன்று காலை அவள் வந்து கிழிந்த முக்காலியில் உட்கார்ந்தாள். “அக்கா, தேர்வுல காட்டுறதுக்கு, முதல் பக்கத்துல ஓடுற மாதிரி அழகா ஒரு படம் வேணும். சாரும் கேட்டார். நீங்க வெட்டிக் குடுத்தாதான் நல்லா இருக்கும்.”

“அழகுன்னா எப்படி, பவுடர் போட்டா?”

“உங்க கை பட்டாலே போதும்.”

வெட்டுவது என்பது அக்காவின் வேலை. படம் முழுக்க இருபது நிமிஷம் ஓடும். நூற்றுக்கணக்கான செல்கள் வந்து விழும். அதில் நல்ல செல்லாகப் பார்த்து, அதைச் சுற்றிக் கட்டம் போட்டு, அந்தத் துண்டை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். கணினியில் இடம் பற்றாது. துண்டை எடுத்ததும் முழுப்படத்தை அழித்துவிடுவார். நல்ல செல் எது என்பதற்கு அவரிடம் ஒரு விதி இருந்தது. ஆரம்பத்தில், ஆட்டமும் மங்கலும் தாங்காமல், அவரே நோட்டில் எழுதிக்கொண்டது: ஐந்தாம் நிமிஷத்தில் வட்டமாக, அசையாமல் இருக்கிறவை மட்டும். அந்தச் செல்லைப் பிடித்துக்கொண்டு, படத்தைப் பின்னால் ஓட்டி, அது விழுந்த நொடிவரை போவார். மாணவர்கள் அதை ஒரே வரியில் ஆய்வேட்டில் எழுதுவார்கள்: ‘நன்கு படிந்த செல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.’ ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நன்கு படிந்தது என்றால் நல்லதுதானே.

அந்த வாரம் கணினிக்குப் பெரிய டிஸ்க் வந்திருந்தது. அதனால் செவ்வாய்க்கிழமை எடுத்த படம் அழிக்கப்படாமல் முழுசாகக் கிடந்தது. அழகான ஒன்றைத் தேட வேண்டும் என்பதால், அக்கா அன்று பின்னாலிருந்து ஓட்டவில்லை. முதல் நொடியிலிருந்து சும்மா ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு செல் விழுந்தது. பச்சை குவிந்தது. மூச்சு விடுவதற்குள் அதே இடத்தில் சிவப்பு. செல் சுருங்கி, தகட்டை விட்டு எழுந்து, மிதந்து போயிற்று.

இன்னொன்று. அதுவும் அப்படியே.

ஓரக்கண்ணில் அவர் இதை எத்தனையோ முறை பார்த்ததுண்டு. நடுங்குகிற செல், ஒட்டாத செல், படத்துக்கு உதவாதது என்று தள்ளிவிட்டுப் போனதுதான். இப்போது நிறுத்தி, திரும்ப ஓட்டினார். பிரேக் உடனே வந்த செல் அணைந்துவிடுகிறது. அணைந்த செல் ஏன் உட்கார்ந்திருக்கும்? எழுந்து போய்விடும். தாமதமாக பிரேக் வந்தவை மட்டும் ஐந்தாம் நிமிஷத்தில் வட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து, பிரேக் எப்போது வந்தது என்று கேட்டால் வேறென்ன சொல்லும்?

அக்கா ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு எண்ணினார். வந்து தொட்டவை இருநூற்றுப் பன்னிரண்டு. ஐந்து நிமிஷத்துக்குள் எழுந்து போனவை எண்பத்தொன்று. அதில் முதல் நிமிஷத்திலேயே சிவந்தவை ஐம்பத்தெட்டு. மறுபடி எண்ணினார். ஐம்பத்தேழு. மூன்றாம் முறை ஐம்பத்தெட்டு. பெட்டிச் சூட்டில் முதுகு நனைந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அக்கா கை வைக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கணவர் சிரித்தார். அந்த ஐந்து நிமிஷ விதி வீட்டிலும் பழைய கேலி. அவர் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் போகாத நகங்களோடு தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தார்.

“என்ன, சாப்பாட்டையும் அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் தொடணுமா?”

அக்கா சொன்னார். அவருக்குப் பாதி புரிந்தது.

“படம் தப்பா?”

“படம் சரிதான். நான் பொறுக்கினது தப்பு.”

“யாருக்குத் தெரியும்?”

“எனக்குத்தான்.”

“அப்போ இன்னும் ஒன்பது நாள் உனக்கு மட்டும் தெரியட்டும். அந்தப் பொண்ணு பாஸ் பண்ணிட்டுப் போகட்டும். செல்லுதானே, ஆளா எழுந்து போயிருக்கு?”

“அழிச்சதெல்லாம் நான்தாங்க.”

“அதான் சொல்றேன், வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு. உன் வேலைக்கும் சேர்த்து உலை வச்சுக்காதே.” அவர் கெட்டவரில்லை. மனைவியின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். அக்கா அதை ஓரமாக ஒதுக்கினார்.

மறுநாள் காலை மாணவி வந்ததும் திரையை இழுத்துவிட்டு, முழுப்படத்தை ஓட்டிக் காட்டினார். அவள் மூன்று செல் போகும்வரை சிரித்த முகமாக இருந்தாள். நான்காவதில் முன்னால் குனிந்தாள்.

“இது ஒட்டாத செல்லுக்கா. செத்ததா இருக்கும்.”

“செத்தது எழுந்து போகாதும்மா.”

“வேற நாள் படத்துல இப்படி இருக்காது.”

“வேற நாள் படம் இல்ல. துண்டுதான் இருக்கு.”

“முழுசு?”

“அழிச்சாச்சு.”

“எல்லாமா? அஞ்சு வருஷத்துதுமா?”

“நான்தான் அழிச்சேன்.”

அவள் எழுந்து நின்றாள். அறை சின்னது, போக இடமில்லாமல் திரும்பி உட்கார்ந்தாள். “உங்க கைப்பழக்கத்துக்கு நான் பலியாக்கா? கண்ணாடியக்கா வெட்டினா கேள்வியே கிடையாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே.” பிறகு, வேறு குரலில்: “எட்டு நாள் பொறுங்க. அப்புறம் நானே சொல்றேன். அந்த ஊருக்குப் போனதும் நானே திருப்பிச் செஞ்சு பார்க்கறேன். ப்ளீஸ்க்கா.”

அக்கா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அது பொய் சொன்னதற்குச் சமம் என்று அவருக்கே தோன்றியது. இரண்டு நாள் இருவரும் அதே அறையில், தோள் இடிக்கிற தூரத்தில், வேலைப் பேச்சு மட்டும் பேசினார்கள். தகடு வை. விளக்கைக் குறை. போதும். அக்கா தகடுகளை அலசும்போது எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆரம்பித்ததும் மறுபடி தவறினார்.

மூன்றாம் நாள் திரையை விலக்கிக்கொண்டு பேராசிரியரே வந்தார். மாணவி அக்காவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“என்னக்கா, முதல் பக்கத்துப் படம் தயாரா? நம்ம நாலு நிமிஷம் ஜம்முனு தெரியணும்.”

மேஜையில் துண்டும் இருந்தது, முழுப்படமும் இருந்தது. துண்டு அழகாகவே இருந்தது. வட்டம், நடுவில் பச்சை, சரியாக நான்காம் நிமிஷம் சிவப்பு. அதைத் தட்டினால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அக்கா திரும்பி மாணவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா முழுப்படத்தைத் தட்டினார்.

“சார், நான் அஞ்சாம் நிமிஷத்துல உக்காந்திருக்கிறதை மட்டும்தான் எடுப்பேன். அதுக்கு முன்னாடி எழுந்து போறதைக் கணக்குல சேர்த்ததில்ல. போறது எதுன்னு பாருங்க.”

அவர் நின்றபடியே பார்த்தார். பிறகு கிழிந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்து பார்த்தார். அக்கா கோடு போட்ட தாளை நீட்டினார்.

“எவ்வளவு நாளா இப்படி எடுக்கறீங்க?”

“மெஷின்ல உக்காந்ததுலேருந்து.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அந்த ஒரு வரி என் எல்லாப் பேப்பர்லயும் இருக்கு.” யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. “நான் ஒரு தடவை இங்க வந்து கேட்டிருக்கணும்.”

“தப்பு என்னோடது சார். அவளுக்கு இது தெரியாது.”

“தெரியும்” என்றாள் மாணவி. “ரெண்டு நாளா தெரியும்.” திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

தேர்வு தள்ளிப்போனது. வெளியூரில் வேலை தருவதாக இருந்தவர்கள் ஒரு மாதம் பொறுத்தார்கள். பிறகு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டடத்தில் மருந்துச் சோதனையை நிறுத்தினார்கள். அங்கிருந்தவர்கள் அக்காவை வராந்தாவில் பார்த்தால் கைப்பேசியைப் பார்த்தபடி கடந்துபோனார்கள். பழைய ஆய்வேடுகளில் எவையெல்லாம் அந்த வரியின்மேல் நிற்கின்றன என்று பேராசிரியர் ஒரு பட்டியல் போட்டார். அது ஒரு பக்கத்தைத் தாண்டியதும் அவருடைய அறைக்கதவு சாத்தியே இருந்தது. அக்காவை யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. கணவர் மட்டும், “சரி, விடு” என்றார். அதைத் தினமும் சொன்னார். மாணவியை நாலு நிமிஷம் என்று கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அவள் பெயர் என்ன என்று சிலருக்கு யோசிக்க வேண்டியிருந்தது.

புது ஏற்பாடு இது: முழுப்படத்தை அழிக்கக் கூடாது. விழுகிற ஒவ்வொரு செல்லையும் எண்ண வேண்டும், எழுந்து போனாலும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, ஒத்துவராத செல்லை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். அக்கா ஒருவர். இன்னொருவர் அந்த மாணவி; வேறு யாருக்கும் நேரமில்லை.

முதல் படத்தில் முப்பத்தாறு செல்கள் ஒத்துவரவில்லை. முதல் நாள் எட்டு முடித்தார்கள். பிரேக் எத்தனை நிமிஷத்தில் வருகிறது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. முதல் நிமிஷமாக இருக்கலாம். இரண்டு விதமான செல்கள் இருக்கலாம். ஒன்றுமே வராமலும் போகலாம். ஒன்பதாவது செல் கணினித் திரையின் ஓரத்தில் வந்து, தகட்டை உரசினாற்போல் போய், மறைந்தது.

“தொடல” என்றார் அக்கா.

“தொட்டுச்சு.”

“பச்சை குவியலையே.”

“குவிஞ்சது. ரெண்டு நொடி. உங்களுக்கு அசையாம உக்காந்தாதான் கண்ணுக்குத் தெரியும்.”

அது குத்தவே சொன்னது. குத்தியது. அக்கா ஒரு கணம் கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு முக்காலியைத் திரைக்கு இன்னும் அருகில் இழுத்தார்.

“திருப்பி ஓட்டு. மெதுவா.”

அவள் ஓட்டினாள்.