வானத்துப் பெட்டிக்குக் கேட்ட துஆ

என் மகள் ஜப்பானில் ஒரு பெட்டிக்குள் குளிரைக் காப்பாற்றும் வேலை செய்துகொண்டிருந்தாள். கல்முனைச் சந்தையில் யாரிடமாவது இதைச் சொன்னால், "அப்ப வாப்பாட தொழில்தான்" என்று சிரிப்பார்கள். நான் மீன் வியாபாரி. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு நற்பிட்டிமுனைப் பக்கம் போகிறவன். அவர்கள் சிரித்ததில் பிழை இல்லை.

அவளுடைய பெட்டி மட்டும் வானத்திலிருந்து வர வேண்டியிருந்தது. பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோகும் ஆளில்லாக் கப்பல் ஒன்று, திரும்பும்போது குப்பையை ஏற்றிக்கொண்டு வந்து காற்றில் எரிந்துபோய்விடுமாம். எரிவதற்கு முன் சிறிய கலம் ஒன்றைக் கழற்றி விட்டுவிடும். கந்தூரி விருந்துக்குச் சோறாக்கும் பெரிய கிடாரத்தின் அளவுதான் அது. அதற்குள் மகளும் அவளோடு வேலை செய்கிறவர்களும் செய்த குளிர்ப்பெட்டி. பெட்டிக்குள், மருந்து ஆராய்ச்சிக்காக மேலே வளர்த்த பளிங்குத் துகள்கள். கலம் குடை விரித்துக் கடலில் விழுந்து, மீட்கும் கப்பல் வந்து தூக்கும்வரை உள்ளே சூடேறக் கூடாது. கரண்டும் கிடையாது.

"ஐஸ் எவ்வளவு போடுற?" என்று போனில் கேட்டேன்.

"ஐஸ் போடுற இல்ல வாப்பா. சுடுதண்ணி பிளாஸ்க் மாதிரி ரெண்டு சுவர். நடுவுல காத்தே இல்ல."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் ஐஸை நம்பிப் பிழைப்பவன்.

ஆனால் என் சிக்கல் வேறு. பெட்டி குளிராக வந்தால் அவளுக்கு அங்கேயே நிரந்தர வேலை. சூடேறினால் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்துவிடுவாள். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்போம். மருமகன் அங்கே வந்து குடியிருப்பார். அவள் பிறந்த வருடமே நான் அத்திவாரம் போட்டுவிட்டேன். பிறகு அவள் வளர வளரச் சுவர் வளர்ந்தது. ஜன்னல்களுக்கு அவள் கேட்ட பச்சை நிறம்தான். அந்த வீட்டில் இன்றுவரை யாரும் தூங்கியதில்லை. பின்நேரங்களில் நான் மட்டும் போய் ஜன்னல்களைத் திறந்துவிடுவேன். கடல்காற்று அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வரும். மஃரிபுத் தொழுகைக்கு முன் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வீடு திரும்புவேன்.

கலம் இறங்கும் நாளன்று, அசர் தொழுதுவிட்டு அந்த வீட்டின் மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நானும் மனைவியும் மனைவிக்கு மூத்த ராத்தாவும். தண்ணீர்த் தாங்கியில் சாய்த்து வைத்த போனில் நீல வரைபடம் ஒன்றும் ஊர்ந்துபோகும் ஒரு புள்ளியும்தான் தெரிந்தன. கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் அன்று கோடே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில், புள்ளி எங்கள் தலைக்கு மேலேயே மிதப்பதாகவும், அந்தக் கிடாரத்துக்குள் மகள் சிறு பிள்ளையாகச் சுருண்டு தூங்குவதாகவும் எனக்கு ஒரு நினைப்பு. கண்ணைக் கசக்கிக்கொண்டேன். நினைப்பு போகவில்லை.

மகளின் குரல் செய்தி வந்தது. "உம்மா, வாப்பா, கலம் கழண்டுட்டு. துஆச் செய்ங்க."

மனைவி கையேந்தினாள். "நீங்களும் ஏந்துங்க" என்றாள். ஏந்தினேன். யா அல்லாஹ், அந்தப் பெட்டி சூடேறட்டும் என்று மனதுக்குள் கேட்டேன். என்ன கேட்டேன் என்று தெரியாமலே பக்கத்தில் இருந்த இருவரும் ஆமீன் சொன்னார்கள்.

கையை முகத்தில் தடவும்போதுதான் செய்த காரியம் உறைத்தது. பிள்ளைக்காக வாப்பா கேட்கும் துஆ வீண்போகாது என்று நம்பி வளர்ந்தவன் நான். மூன்று வருடம் கண்விழித்து அவள் செய்த வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. செருப்பைத் தேடினேன்.

"எங்க போறீங்க?"

"கடற்கரைப் பள்ளிவாசலுக்கு."

கேட்ட துஆவைத் திருப்பி வாங்குவது எப்படியென்று எனக்குத் தெரியாது. பள்ளி வாசலில் நின்று, முதலில் கேட்டதை விட்டுவிடு ரப்பே, பெட்டி குளிராக வரட்டும், வந்தால் ஒரு கிடாரம் சோறாக்கி ஊருக்குக் கொடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். இளம் மௌலவிமார் கேட்டிருந்தால், இப்படிப் பேரம் பேசி நேரலாமா என்று திட்டியிருப்பார்கள். அவர்களுக்கு மகள்மார் பிறந்த பிறகு கதைத்துக்கொள்ளலாம்.

பிறகு கிழக்கே பார்த்து மணலில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் எங்கோ வானத்தில் அந்தப் பெரிய கப்பல் எரிந்துகொண்டிருந்திருக்கும். அதை நினைக்கத்தான் பாவமாக இருந்தது. இவ்வளவு தூரம் சுமந்து வந்தது. கிடாரத்தைப் பத்திரமாக விட்டுவிட்டுத் தான் எரிந்துபோகிறது. வாப்பாமார் செய்ய வேண்டிய வேலைதான் அது என்று தோன்றியது. நினைத்த கையோடு, அவ்வளவு நல்ல வாப்பா நானில்லை என்றும் பட்டது. அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது.

கலத்தைக் கடலிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று அன்றே தெரிந்தது. ஆனால் பெட்டியை ஏழு நாள் கழித்து ஆய்வுகூடத்தில்தான் திறப்பார்களாம். அந்த ஒரு கிழமையும் நான் மீனை வெட்டினேனா விரலை வெட்டினேனா என்று எனக்கே தெரியாது. பிறகு அழைப்பு வந்தது. பெட்டி குளிராகவே இருந்ததாம்.

நேர்ந்தபடி புது வீட்டு முற்றத்தில் கிடாரத்தை ஏற்றினேன். அந்த வளவில் முதன்முதல் மூட்டிய அடுப்பு அதுதான். ஊர்ச்சனம் அறைகளில் நிறைந்து உட்கார்ந்து சாப்பிட்டது. மகள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்கு வாப்பா இந்தச் சோறு?"

"உன்ட பெட்டிக்குத்தான் மகள். ரெண்டு துஆக் கேட்டன். ரெண்டாவது கபூலாகிட்டு."

"முதலாவது?"

"அத உடு."

அவள் போனுக்குக் கிட்ட வந்தாள். என் பின்னால் யாரோ தட்டுக் கழுவும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும் வாப்பா" என்றாள். "கலம் கழண்ட நேரம் நானும் அதத்தான் கேட்டன்."

நான் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அவளுக்குப் பச்சை ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன்.