வலப்பக்கம் ஒட்டிய ஸ்டேரிங்

காயாத பசையின் பிசுபிசுப்பு, அதுவும் மாரிக்காலத்துப் பசையின் பிசுபிசுப்பு, இன்றைக்கும் நினைத்த மாத்திரத்தில் என் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வந்து ஒட்டிக்கொள்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் காத்தான்குடியில், போத்தலுக்குள் இருக்கும் உப்பே கசிந்து தண்ணீராகிவிடும் அந்த மழைமாதங்களில், கடதாசியால் ஒரு கார் கட்டப் புறப்பட்டவள் நான். யாராவது தடுத்திருக்கக் கூடாதா என்று இப்போதும் கோபம் வருகிறது. உம்மா தடுக்கத்தான் செய்தார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாப்பா அப்போது கட்டாரில் ஓர் அறபி வீட்டில் சாரதியாக இருந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்காரியைக் கடைகளுக்கும் கொண்டுபோய் வர ஒரு பெரிய ஜீப் அவர் பொறுப்பில் இருந்தது. அதே வீட்டுக் கராஜில் மூத்த மகனுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றும் நின்றது. அதைக் காலையில் கழுவித் துடைப்பது வாப்பாவின் வேலை. ஏறி உட்கார மட்டும் அனுமதி இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர் போன் எடுப்பார். முதலில் உம்மா, பிறகு என் அண்ணனான காக்கா, கடைசியில் நான்; என் முறை வரும்போது அவருடைய போன் ‘காட்’டில் காசு முடிகிற நேரமாகியிருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்திலும் எனக்கு அந்தக் காரின் கதைதான் வேண்டும். “நிலத்தோட ஒட்டிக்கிடக்கும் மகள், ஆமை மாதிரி. ஸ்டார்ட் பண்ணினா கராஜே அதிரும்” என்பார். அதற்குள் ‘டொக்’ என்று லைன் போய்விடும்.

ஒருமுறை எங்கள் தெருக்காரர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, வாப்பா அவரிடம் சவர்க்காரம், பால்மா, இவற்றோடு ஒரு கட்டுக் கடதாசியும் கொடுத்தனுப்பியிருந்தார். தடித்த, வழவழப்பான தாள்கள். அதே சிவப்புக் காரைத் துண்டு துண்டாகப் பிரித்து அச்சடித்திருந்தது. வெட்டி, மடித்து, ஒட்டினால் முழுக் காராகும். அறபியின் சின்ன மகன் ஆசைப்பட்டு அச்சடித்துவிட்டு, பிறகு வெட்டச் சோம்பி, ‘பஞ்சி’ப்பட்டு, குப்பையில் போட்டுவிட்டானாம். அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா சொன்னார்: “நான் லீவில வாறதுக்குள்ள கட்டி வச்சிரு மகள். கழுவாம, சும்மா இருந்து பார்க்க எனக்கும் ஒரு கார் வேணும்.” அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. அவர் வாசலில் வந்து இறங்கும்போது அந்தக் கார், அச்சொட்டாக அதே கார், மேசையில் நிற்க வேண்டும். வேறு எதுவும் அந்த வருசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒட்டுவதற்கென்று ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் நீட்டிக்கொண்டிருந்த சின்னச் சின்னப் பட்டைகளுக்கு நான் வைத்த பெயர் ‘காது’. யா அல்லாஹ், எத்தனை காதுகள்! ஒரு ‘ரோதை’க்கு, அதாவது ஒரு சில்லுக்கு, சுற்றிவரக் காது, அதற்குள் இருக்கும் கம்பிகளுக்குத் தனித்தனிக் காது, கதவுக் கைப்பிடிக்கு எறும்பின் காலளவு ஒரு காது. பிளேட்டால் வெட்டி, அடிமட்டக் கோலை வைத்து மடித்து, ஒட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், பிடித்த கையை எடுத்ததும் அது மெல்ல வாயைப் பிளக்கும். மறுபடி ஒட்டினால் கடதாசி ஊறிப் பொங்கும். ‘கம்’ போத்தல் முடிந்ததும் கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். விடிந்து பார்த்தால் கரப்பான் வந்து முன் பம்பரைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மிச்சமிருந்த ஓரத்தாளில் இன்னொரு பம்பர் கீறி, நிறம் தீட்டி, முதலிலிருந்து தொடங்கினேன். காய வைக்க வேறு வழி தெரியாமல் ஃபிரிட்ஜின் பின்பக்கத்துச் சூட்டில் துண்டுகளைச் செருகி வைப்பேன். உம்மா கூட்டுவதற்காக ஃபிரிட்ஜை இழுப்பார். காரின் கூரை ஈர நிலத்தில் கிடக்கும்.

“குர்ஆன் ஓதப் போற புள்ளைட கையைப் பாரு, பூரா கம்மு. வாப்பாக்கும் மகளுக்கும் வேற வேலையில்ல” என்று உம்மா அர்ச்சனை செய்வார். நான் கூரையை எடுத்துத் துடைப்பேன். அழுகை வரும், அழுதால் கண்ணீர் விழுந்து அதுவும் ஊறும் என்று அழமாட்டேன்.

வெளிப்புறம் ஒருவாறு முடிந்து உள்ளே போனபோதுதான் உண்மையான வில்லங்கம் தொடங்கியது. டாஷ்போர்டுத் துண்டில் ஸ்டேரிங்கைச் செருகும் வெட்டு இடப்பக்கம் இருந்தது. பிரேக் மிதிபலகைகள் இடப்பக்கம். மீற்றர் வட்டங்கள் இடப்பக்கம். நான் திருப்பிப் பார்த்தேன், புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் ஓடவில்லை. விளக்கத் தாளோ எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு மொழியில் இருந்தது. அதில் ஒரேயொரு படம். கார் எங்களை நோக்கி வருவதுபோல எடுத்த படம். அதில் கண்ணாடிக்குள் தெரிந்த ஸ்டேரிங் என் வலப்பக்கமாகத்தான் இருந்தது. முன்னால் நின்று பார்ப்பவருக்கு வலம் என்றால் உள்ளே இருப்பவருக்கு இடம் என்பது, பன்னிரண்டு வயது நிறையாத எனக்குப் பிடிபடவில்லை.

ஓ எல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த, எல்லாம் தெரிந்த காக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதென்னடி, ஸ்டேரிங் இந்தப் பக்கம் வருது? நம்மட ஊரில எந்த வாகனத்துக்கு இடப்பக்கம் ஸ்டேரிங் இரிக்கி? அச்சடிச்சவன் பிழை உட்டிருக்கான். வெட்டி மற்றப் பக்கம் ஒட்டு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பந்தடிக்கப் போய்விட்டார். பொலன்னறுவை பஸ்ஸிலிருந்து மீன் லொறிவரை எல்லாவற்றையும் மனதில் ஓடவிட்டுப் பார்த்தேன். காக்கா சொன்னது சரிதான்.

வெட்டினேன். அதற்குப் பிறகு பட்ட பாடு சொல்லி முடியாது. மீற்றரை வெட்டி வலப்பக்கம் ஒட்டினால் அந்தப் பக்கத்துச் சாமான் வைக்கும் லாச்சியின் படம் அதன் கீழ் பாதி தெரிந்தது. மிதிபலகைகளைப் பெயர்த்தால் தரை கிழிந்தது. காதின்மேல் காது ஏறித் தடித்துப்போக, முன் கண்ணாடி உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்தது. நான் எந்தப் பக்கம் அழுத்தினாலும் அதற்கு எதிர்ப்பக்கம் கிளம்பியது. “எவன் இதைக் கீறின?” என்று முகம் தெரியாத ஒருவரைத் திட்டித் திட்டியே ஒட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் வாப்பா, “கார் எப்பிடி?” என்று கேட்பார். “நாலு ரோதையும் முடிஞ்சு வாப்பா, உள்வேலை நடக்குது” என்பேன். “கெட்டிக்காரி” என்பார். டொக்.

வாப்பா வந்தார். பெட்டிகள் முற்றத்தில் இறங்க முன்பே அவர் கையைப் பிடித்து மேசைக்கு இழுத்துப் போனேன். குனிந்து முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், ரோதையை விரலால் சுழற்றினார். “மாஷா அல்லாஹ், அதேதான்” என்றார். பிறகு கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டாரில் அந்த நிஜக் காரை அவர் எப்போதும் பார்த்த மாதிரியே, வெளியில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பார்த்தவர் பலமாகச் சிரித்துவிட்டார்.

“மகள், கட்டார்ல ஸ்டேரிங் இடப்பக்கமெல்லோ!”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “அதை போன்ல சொல்லியிருக்கலாமே வாப்பா! எத்தின வெள்ளிக்கிழமை!” என்று கத்தினேன். வாப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “நான் நினைக்கல்ல மகள். அங்க எல்லாமே அப்பிடித்தானே. வேற மாதிரி இரிக்கும் எண்டதே மறந்து போச்சு” என்றார். காக்கா அறைக்குள் போய்ப் புத்தகத்தை விரித்துக்கொண்டார். வேறு தாள் கொண்டுவாருங்கள் என்று நான் அழுதேன். கொண்டுவாறன் என்றார். அடுத்த நாள் மாமாவின் வேனில் எங்களைக் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன் என்று திறப்புக்கொத்தை வாங்கிக்கொண்டு போனவர், இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். முன்னால் ஒன்றுமில்லை. தூக்கிய கைகளை மடியில் போட்டுக்கொண்டார். மாமா சிரித்தார், உம்மா சிரித்தார், தெருவில் போனவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் திரும்பிப் போன பிறகு வேறு தாள் வரவில்லை. அறபியின் அந்தச் சின்ன மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்டானாம். அலுமாரிக்கு மேல் வைத்த கார், அடுத்த மாரியில் ஓடு ஒழுகியதில் கூழாகிவிட்டது. உம்மா அதைத் தும்புத்தடியால் தள்ளிக் கூட்டி அள்ளினார். இப்போது காத்துக்கிடக்கும் வெள்ளிக்கிழமைகளும் இல்லை, போன் ‘காட்’டும் இல்லை. இன்றைக்கென்றால் வீடியோவில் முகத்தைப் பார்த்து, இது எந்தப் பக்கம் என்று ஒரு நொடியில் கேட்டிருப்பேன். அதை நினைத்தால்தான் வயிறெரிகிறது.

வாப்பா ஊரோடு வந்து வருசங்களாகிவிட்டன. பார்வை மங்கியதால் வாகனம் ஓட்ட வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கிளினிக்குக்கு நான்தான் என்னுடைய பழைய காரில் கூட்டிப் போகிறேன். ஏறும் பக்கம் அவருக்கு ஒருபோதும் பிழையாவதில்லை. நேரே இடப்பக்கக் கதவுக்குத்தான் போவார். போன கிழமை கல்லடிப் பாலத்தில் ஒரு பஸ் குறுக்கே வந்தபோது, நான் பிரேக்கை மிதிக்க முன்பே அவருடைய வலது கால் கீழே இருந்த ரப்பர் விரிப்பை ஓங்கி மிதித்தது.

“அங்க பிரேக் இல்ல வாப்பா.”

“தெரியும் மகள்” என்றார். காலை எடுக்கவில்லை. கொஞ்சத் தூரம் போன பிறகு, என் கையையும் ஸ்டேரிங்கையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீ ஒட்டின பக்கம் சரிதான்.”

இத்தனை வருசம் கழித்துச் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதை கலங்கித் தெரிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது.