இரண்டு விளக்கும் ஒரு தையல் ஊசியும்

யாழ்ப்பாணத்து உடுவிலில் நான் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்த காலம். யுத்தத்தால் மின்சாரம் நின்று வருடக்கணக்காகியிருந்தது. தள்ளித்தள்ளி நிற்கும் இரண்டு தொலைநோக்கிகள் ஒரு நட்சத்திரத்தின் ஒளியைச் சேர்த்தால் கறுப்புக் கோடுகள் விழும், அவற்றை வைத்து நட்சத்திரத்தின் பருமனையே அளக்கலாம் என்றேன். வகுப்பு நம்பவில்லை. காட்டியே தீருவேன் என்றேன்.

ஜாம் போத்தலில் திரி போட்ட இரண்டு விளக்குகளைக் கொளுத்தி, இரண்டின் ஒளியையும் ஒரே கடதாசியில் விழவிட்டேன். நான்கு நாட்கள் முன்னும் பின்னும் நகர்த்தினேன். ஒரு கோடும் விழவில்லை. பிள்ளைகள் படிப்பதற்கென்று வைத்திருந்த மண்ணெண்ணெய்தான் வீணாய்ப் போனது.

ஐந்தாம் நாள், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த ஜெசிந்தா எழும்பினாள்.

"சேர், தொலைநோக்கி ரெண்டு எண்டதாலை நட்சத்திரமும் ரெண்டோ?"

"உமக்கு எல்லாம் தெரியுமோ? இரும்!" என்று அதட்டி உட்கார வைத்தேன்.

சைக்கிளில் வீடு போய்ச் சேருமுன்பே உறைத்துவிட்டது. ஒரே இடத்தில் பிறந்த ஒளிதான் இரண்டு வழியாக வந்து சேரும்போது கோடு போடும். என் விளக்குகளோ வெவ்வேறு.

மறுநாள் காலை வகுப்பு யன்னலில் ஒரு தையல் ஊசியை நட்டேன். வெயில் பட்டு மின்னிய அந்த ஊசிதான் நட்சத்திரம். விளக்குப் புகையில் கரிபிடித்த கண்ணாடித் துண்டில் பிளேட்டால் நெருக்கமாக இரண்டு கீறல் போட்டேன். அவைதான் தொலைநோக்கிகள்.

"நான் விட்டது பிழை, பிள்ளை. முதல் நீர் பாரும்."

ஜெசிந்தா கண்ணாடியைக் கண்ணருகே பிடித்து ஊசியைப் பார்த்தாள்.

"சேர், கறுப்புக் கோடு தெரியுது!"

எல்லோரும் பார்த்து முடித்தபின் கடைசியாக நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து வகுப்பில் யார் கேள்வியோடு எழும்பினாலும், முதலில் நான் கதிரையில் இருந்துவிடுகிறேன்.