கூட்டாதே, பெருக்கு

எங்கள் லயத்துக் காம்பரா, வரிசை வீடுகளில் ஓர் அறை. மேசை கிடையாது. அக்காவின் கணக்கெல்லாம் தரையில்தான் நடக்கும். உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவள் எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே அவள் ஒருத்திதான் என்பதால், அவள் தாள்களைப் பரப்பிவிட்டால் அப்பாகூட சுவரோரமாக ஒதுங்கித்தான் நடப்பார். எனக்கு எட்டு வயது. அந்த அளவுக்கு மரியாதை தெரியாது.

அந்த மாதம் அவள் பாடப் புத்தகத்தை விட்டுவிட்டு வேறெதையோ பிடித்துக்கொண்டிருந்தாள். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கமெல்லாம் எழுதித் தள்ளினாள். என்னவென்று நச்சரித்தேன். லயத்துக்குப் பின்னால் இருந்த போஞ்சிக் கொடிகளிடம் கூட்டிப்போனாள்.

"இந்தச் சின்னக் கொடி ஒரு சாண் இருந்துச்சு, இப்ப ரெண்டு சாண். அந்தப் பெருசு பத்து இருந்துச்சு, இப்ப பதினொண்ணு. எது நல்லா வளந்துருக்கு?"

"ரெண்டும் ஒரு சாண்தானே."

"கூட்டிப் பாத்தா அப்படித்தான். பெருக்கிப் பாரு. சின்னது ரெண்டு மடங்காயிருச்சு!"

புத்தகத்திலுள்ள வகையீடும் தொகையீடும் எவ்வளவு கூடியது என்றே கேட்கின்றனவாம். இவளோ எத்தனை மடங்கானது என்று கேட்கிற ஒன்றை, துளித்துளியாகக் கூட்டாமல் துளித்துளியாகப் பெருக்கிக்கொண்டே போகிற ஒன்றை உண்டாக்குகிறாளாம். எனக்குப் புரிந்தது போஞ்சிக் கொடி மட்டும். மீதியைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள், கொட்டகலைப் பாடசாலையில் அவளுக்குக் கணிதம் படிப்பித்த யாழ்ப்பாணத்து சேர். அவருக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்திருந்தது. ஞாயிறு காலை ரயிலில் போகிறார். அதற்குள் அவரிடம் காட்டிவிட வேண்டுமென்று அக்கா சாப்பாட்டையும் மறந்து எழுதினாள். சனிக்கிழமை காலை, "அப்பாடா, முடிஞ்சிருச்சு" என்று தாள்களைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டு, துணி அலச, ஊற்றிலிருந்து விழுகிற பீலித் தண்ணீருக்குப் போனாள்.

அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது, "நான் வர்றதுக்குள்ள வீட்டக் கூட்டி வச்சிரு" என்று என்னிடம் சொல்லியிருந்தார். விளக்குமாறோடு வந்தால், முதல் தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது: கூட்டாதே, பெருக்கு.

அம்மா கூட்டச் சொல்வார். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா பெருக்கச் சொல்வார். பெரியம்மா பெருக்கினால் மூலையில் ஒரு தும்பு மிஞ்சாது. ஆகவே அக்கா எனக்குத்தான் எழுதி வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். ஒப்புக்குக் கூட்டாதே, ஒழுங்காகப் பெருக்கு. தாள்களும் வேண்டாம் போலிருக்கிறது, அவள்தான் முடிஞ்சிருச்சு என்றாளே! அவ்வளவு பொறுப்பாக நான் அதற்கு முன்னும் வேலை செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. தரையில் கிடந்த அத்தனையையும் வாரி, குளிக்கத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்த அடுப்பில் போட்டேன்.

திரும்பி வந்த அக்கா வெறுந்தரையைப் பார்த்தாள்.

"பெருக்கிட்டேன்கா" என்றேன் பெருமையாக.

அவள் அடிக்கவில்லை. அடுப்பருகே உட்கார்ந்து சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகிவிட்டது. நான் செய்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் வெறுங்கையோடு, என்னையும் இழுத்துக்கொண்டு, கொட்டகலை ஸ்டேஷனுக்குப் போனாள். ரயில் வருவதற்குள் விரலால் காற்றில் எழுதி எழுதி, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சேர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, இதை வெளிநாட்டில ஏற்கெனவே கண்டுபிடிச்சிட்டினம். நான் கம்பஸில படிக்கேக்க ஒரு புத்தகத்தில பாத்தனான்" என்றார். பிறகு, "உமக்கு ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார்.

"யாருமில்ல சேர்."

ரயில் வந்து நின்றது. சேர் ஏறாமல் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். கார்ட் விசிலடித்த பிறகுதான் ஓடிப்போய் ஏறினார்.

என் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. வழியெல்லாம் துள்ளிக்கொண்டே வந்தேன்.

"அக்கா, அது பழசாம்! நான் எரிச்சது ஒண்ணும் புதுசு இல்லயாம்!"

"ஆமா புள்ள" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பாவம், ஏமாந்துவிட்டாள் என்று நினைத்து, அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு புத்தகமும் இல்லாமல், லயத்துத் தரையில் உட்கார்ந்தபடியே அவள் அந்த இடத்துக்குத் தானாகப் போய்ச் சேர்ந்திருக்கிறாள் என்று சேர் சொல்லாமல் சொன்னது, அன்றைக்கு அவளுக்கு மட்டும்தான் கேட்டிருந்தது.