ஒரு பொட்டின் பெறுமதி

அமெரிக்காவில் ஒரு காலத்தில் சின்னஞ்சிறு ஊர் வங்கிகள்கூடத் தங்கள் பெயர் போட்டுக் காசுத்தாள் வெளியிட்டன. வங்கித் தலைவரும் காசாளரும் பேனாவால் கையெழுத்து வைப்பார்கள். ஊர் சிறிதாகவும் மிஞ்சிய தாள் குறைவாகவும் இருந்தால் விலை ஏறும். கறை பட்டால் இறங்கும். ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவனுக்கு இந்தப் பழைய தாள்களைச் சேர்க்கும் பைத்தியம் ஏன் பிடித்தது என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நான் வருடக்கணக்காகத் தேடிய தாள் ஒன்று ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்தது. நான் அப்போது வேலையில் நின்றேன். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைத்துச் சாமிப்படத்துக்கு முன் வைப்பது மனைவியின் வழக்கம். குளிர்சாதனப் பெட்டிக்கும் வைத்தாள், என் பனிச் சப்பாத்துக்கும் வைத்தாள். நான் வந்து பார்க்கிறேன், தாளின் மூலையில் குங்குமம்.

"நீங்கள் இவ்வளவு நாளாத் தேடின சாமான் எல்லே? அதுதான் வைச்சனான்" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளை நீ என்னாமல் நீர் என்றே மரியாதையாக அழைத்தவன் நான். அன்று வாயில் சனி இருந்தது.

"உனக்கு விசரே? நீ தொட்டது எதுதான் உருப்பட்டது?"

நான் தாளைத்தான் சொன்னேன். ஆனால் எங்கள் முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் தாளைத் தூக்கிக்கொண்டு மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பழங்காசுக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பூதக்கண்ணாடியால் பார்த்து, "பாதி விலை போய்விட்டது. கழுவாதே, மிச்சமும் போகும்" என்றார். அன்று முழுக்க அந்தப் பாதிக்காகத்தான் துக்கப்பட்டேன். வெட்கக்கேடு.

பிறகு மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ" என்றாள். விட்டுவிட்டாள் என்று நானும் நம்பினேன்.

இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு, கண்ணூறு படாமல் கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைக்க வேண்டும். மனைவி மைச்சிமிழை என் பக்கம் தள்ளினாள்.

"தாய்தானே வைக்கிறது. நீர் வையும்" என்றேன்.

"வேண்டாமப்பா, நீங்களே வையுங்கோ. நான் வைச்சா உருப்படாது."

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அதை நம்பிவிட்டிருந்தாள்.