ஆறு வாரத்து ரோஜா

என் மேசை இழுப்பறையில் துருப்பிடித்த செடிக் கத்தரி ஒன்று கிடக்கிறது. சின்னம்மாவுடையது. எண்ணெய் விட்டுப் பார்த்தும் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. அதைத் தொடும்போதெல்லாம் ஒன்பது வயதில் பழகிய பயம் திரும்பி வருகிறது. மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில், தண்ணீர்மலைச் சாலைப் பக்கம், சின்னம்மா வீட்டில்தான் வளர்ந்தேன். உணவுப் பஞ்சம் என்பதால் தோட்டம் முழுக்க மரவள்ளிக்கிழங்கு. தப்பியது ஒரே ஒரு சிவப்பு ரோஜாச் செடி. மீன் கழுவிய தண்ணீரெல்லாம் அதற்குத்தான். என்னைவிட அதற்குக் கவனிப்பு அதிகம் என்று எனக்குப் பொறாமைகூட உண்டு.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த சித்தப்பா, வீட்டுப் பக்கவாட்டில் இருந்த விறகு அறையில் ஒளிந்திருந்தார். யார் கேட்டாலும் ஈப்போவில் இருக்கிறார் என்று சொல்ல என்னைப் பழக்கியிருந்தார்கள். அவருக்கு இழுப்பு. விறகுத் தூசி பட்டால் இருமல் நிற்காது. ரோஜாச் செடியோ அந்த அறையின் பலகைச் சுவரை ஒட்டியே நின்றது.

பக்கத்துப் பங்களாவில் தங்கியிருந்த ஜப்பானிய அதிகாரி ஒருநாள் பூவைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். சின்னம்மா குனிந்து வணங்கி, வெட்டிக் கொடுத்தார். “பாகூஸ்” என்றான், நல்லது என்று மலாயில். பிறகு பூத்தபோதெல்லாம் வந்தான். இரண்டடி தள்ளி, பலகைக்குப் பின்னால், சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் காலை நாங்கள் சாமான் வாங்கப் பாசாருக்குப் போன நேரத்தில் சித்தப்பா வெளியே வந்து, செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார். பூ இல்லாவிட்டால் அவன் வரமாட்டான் என்று நினைத்திருக்கிறார், பாவம். திரும்பி வந்த சின்னம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க செஞ்சி வெச்சிருக்கீங்க? வெட்டினா இன்னும் கூடத்தான் பூக்கும்!”

“அப்ப வேரோட புடுங்கிடலாம் லா.”

“புடுங்கிட்டு அவனுக்கு என்ன பதில் சொல்றது?”

கேட் கிரீச்சிட்டது. சித்தப்பா விறகு அறைக்குள் பாய்ந்தார். அதிகாரி வந்து வெட்டுப்பட்ட தண்டுகளைக் குனிந்து பார்த்தான். அறையப் போகிறான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். “பாகூஸ்” என்ற குரல் கேட்டது. அவனுக்கும் ரோஜா வளர்க்கத் தெரிந்திருந்தது. ஆறு விரல்களைக் காட்டி, “மிங்கு” என்றான். ஆறு வாரம்.

அந்த ஆறு வாரமும் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. சித்தப்பாவை வேறு இடத்துக்கு அனுப்பவும் வழியில்லை. சாலை முனையில் காவல் போட்டிருந்தார்கள். தளிரைக் கிள்ளிவிடலாம் என்றால், அவன் போகும்போதும் வரும்போதும் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பூக்கக் கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டே சின்னம்மா அதற்குத் தண்ணீர் ஊற்றினார். அதுவோ முன்னெப்போதும் இல்லாதபடி செழித்தது.

பதினொரு பூக்கள். அவன் கைகளை நீட்டி நின்றான். சின்னம்மா ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுத்தார். நாலாவது பூவின்போது பலகைக்குப் பின்னால் அடக்கிய இருமல் ஒன்று கேட்டது. அதே கணத்தில் சின்னம்மா இருமத் தொடங்கினார். கத்தரி கையிலிருந்து விழுந்தது. குனிந்து, நெஞ்சைப் பிடித்து, எச்சில் ஒழுக இருமினார். நான் ஓடிப்போய் முதுகைத் தடவினேன். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் எல்லோருக்கும் நடுக்கம். அதிகாரி பின்வாங்கினான். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, பூக்களை அங்கேயே போட்டுவிட்டுப் போனான். சித்தப்பாவின் இருமல் அவன் காதில் விழுந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் மறுபடி வரவில்லை.

சித்தப்பா பிழைத்தார். சண்டை முடிந்து வேலைக்கும் போனார். சின்னம்மா மட்டும் அந்தச் செடிப் பக்கம் திரும்பவே இல்லை. கத்தரி மாதக்கணக்கில் மழையில் கிடந்தது. யார் கேட்டைத் திறந்தாலும், சித்தப்பாவே திறந்தாலும், சின்னம்மா இருமுவார். சாகும்வரை அப்படித்தான்.

என் வீட்டிலும் இப்போது ரோஜா இருக்கிறது. நேற்றுக் காலை புதுக் கத்தரியால் அதை வெட்டிக்கொண்டிருந்தேன். தபால்காரர் கேட்டைத் தள்ளினார். நான் இருமினேன்.